ஒரே மின்னல், இரண்டு செய்மதிகள்: விண்வெளியில் பதியும் விசிலர் அலைகளை ஒப்பிடும் முறை

யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே 660 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி கடந்து போகிறது. அந்த நேரத்தில் அதன் அன்ரனாவில் ஒரு மின்னல் அலை பதிகிறது. வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ வெட்டிய மின்னலாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. நடு இந்தியாவிலோ தெற்கே இந்து சமுத்திரத்திலோ வெட்டிய மின்னலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இதை விளங்கிக்கொள்ளாமல் இரண்டு செய்மதிகளின் எண்களை அருகருகே வைத்தால், வானத்தில் இல்லாத வித்தியாசங்களை எல்லாம் கண்டுபிடித்துவிடுவோம்.

உயர்தரப் பௌதிகவியல் படித்து, பைத்தானில் ஓரளவு எழுதத் தெரிந்தவர்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதற்குத் தேவையான செய்மதித் தரவுகளில் பெரும்பகுதி இலவசம். சாதாரண மடிக்கணினி போதும்.

அலை மேலே வரும் வழி

மின்னல் வெட்டும்போது சில ஹேர்ட்ஸில் இருந்து மெகாஹேர்ட்ஸ் வரை மின்காந்த அலை பிறக்கிறது. அதில் வலு கூடிய பகுதி 10 கிலோஹேர்ட்ஸை அண்டியது. இந்த அலை தரைக்கும் அயன் மண்டலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். அந்தத் துடிப்பை ஸ்ஃபெரிக் என்பார்கள். அதில் ஒரு சிறு பங்கு அயன் மண்டலத்தைத் துளைத்து மேலே போகிறது. மேலே போனதும் அதன் இயல்பு மாறுகிறது. பிளாஸ்மாவில் உயர்ந்த மீடிறன் (அதிர்வெண்) முன்னே ஓட, தாழ்ந்த மீடிறன் பின்தங்குகிறது. ஒலிபெருக்கியில் கேட்டால் மேலிருந்து கீழே இறங்கும் சீழ்க்கை போல இருக்கும். விசிலர் என்ற பெயர் வந்தது அதனால்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் தொலைபேசிக் கம்பிகளில் இது கேட்டதை பார்க்கவுசன் 1919இல் எழுதினார். அது மின்னலில் பிறந்து காந்தப்புலக் கோடுகளின் வழியே விண்வெளிக்குப் போய் வருகிறது என்பதை 1953இல் ஸ்ரோரி விளக்கினார்.

விசிலரின் சக்தி காந்தப்புலத் திசையில் இருந்து ஏறத்தாழ 19 பாகைக்குள்ளேயே ஓடும். ஆகவே செய்மதி எந்த ஊருக்கு மேலே நிற்கிறது என்பதை விட, எந்தக் காந்தக் கோட்டில் நிற்கிறது என்பதே முக்கியம். நமது நிலை இங்கே விசேடமானது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் அண்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ரொக்கெற் ஏவுதளம் அமைத்ததற்கும் அதுவே காரணம். இங்கே காந்தக் கோடுகள் கிட்டத்தட்டக் கிடையாக ஓடுகின்றன. கீழிருந்து செங்குத்தாக ஏறும் அலை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். அயன் மண்டலத்தில் ஒட்சிசன் அயன் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட விசிலர் அலை அப்படிக் குறுக்கே ஓடவே முடியாது. அதற்குக் கீழ்ப்பட்டதிலும் பெரும்பங்கு கீழ் அயன் மண்டலத்தில் தணிந்துவிடும்.

சரி, 660 கிலோமீற்றரில் நமக்கு மேலே உள்ள கோடு எங்கே தரையிறங்குகிறது? புவியை ஒரு சட்டக்காந்தமாக எடுத்தால், கோட்டில் ஒரு புள்ளி புவி மையத்தில் இருந்து உள்ள தூரம், அதன் காந்த அகலாங்கின் கோசைனின் வர்க்கத்துக்கு விகிதசமம். உச்சியில் தூரம் 7,031 கிலோமீற்றர். 100 கிலோமீற்றர் உயரத்தில் 6,471. வகுத்தால் 0.92. அதன் வர்க்கமூலம் 0.959. அது 16.4 பாகையின் கோசைன். காந்த நடுக்கோட்டில் இருந்து வடக்கே 16 பாகை போனால் நடு இந்தியா, தெற்கே 16 பாகை போனால் நடுச் சமுத்திரம். முதல் பந்தியில் சொன்னதன் கணக்கு இதுதான். உண்மையான வேலைக்குச் சட்டக்காந்த மாதிரி போதாது. ஐஜிஆர்எஃப் என்ற சர்வதேசக் காந்தப்புல மாதிரியால் கோட்டைத் தடம்பிடியுங்கள். கையால் போட்ட இந்தக் கணக்கு, நிரல் தவறான விடை தந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

எந்தச் செய்மதியை எதனோடு ஒப்பிடுவது

டெமெட்டர்: பிரான்சின் செய்மதி. 2004 யூனில் ஏவப்பட்டு 2010 வரை இயங்கியது. முதலில் 710 கிலோமீற்றர் உயரம், 2005 இறுதியில் 660 ஆக இறக்கப்பட்டது. சூரிய நேரப்படி எப்போதும் முற்பகல் 10:30க்கும் இரவு 22:30க்கும் கடக்கும். 4 மீற்றர் நீளமான கைகளின் நுனியில் நான்கு கோள மின்வாய்கள் மின்புலத்தை அளந்தன. மூன்று தேடுசுருள்கள் காந்தப்புலத்தை அளந்தன. 20 கிலோஹேர்ட்ஸ் வரை பதிந்தாலும், அந்த வீச்சில் அலைவடிவம் அனுப்பியது ஒரு மின் கூறும் ஒரு காந்தக் கூறும் மட்டுமே. ஆறு கூறுகளும் கிடைப்பது ஏறத்தாழ 1 கிலோஹேர்ட்ஸ் வரைதான். எனவே டெமெட்டரில் 5 கிலோஹேர்ட்ஸ் விசிலரின் ஓடுதிசையைக் கணிக்க முயலவேண்டாம். அதற்கான தரவு இல்லை.

வான் அலன் இரட்டைச் செய்மதிகள்: 2012 ஓகஸ்ட் 30இல் ஏவப்பட்டு 2019 வரை இயங்கின. தாழ்நிலை ஏறத்தாழ 600 கிலோமீற்றர், உச்சம் 30,000 கிலோமீற்றருக்கு மேல், பாதையின் சாய்வு 10 பாகை. எம்ஃபிசிஸ் கருவி ஆறு கூறுகளையும் செக்கனுக்கு 35,000 மாதிரி வீதம் பதிந்தது. பயன்படும் வீச்சு 10 ஹேர்ட்ஸ் முதல் 12 கிலோஹேர்ட்ஸ் வரை.

சாங்ஹெங்-1: சீனாவின் செய்மதி. 2018 பெப்ரவரி 2இல் ஏவப்பட்டது. உயரம் 507 கிலோமீற்றர். சூரிய நேரப்படி 14:00க்கும் 02:00க்கும் கடக்கும். தேடுசுருளின் மாதிரி வீதம் 51.2 கிலோஹேர்ட்ஸ், மின்புலக் கருவியினது 50 கிலோஹேர்ட்ஸ்.

ஜப்பானின் அரசே (2016 டிசம்பர்) வான் அலன் செய்மதிகளோடு ஒரே காலத்தில் பறந்தது. ஆகவே ஒரே இரவில் இரண்டு இடத்து அளவீடு வேண்டுமென்றால் அந்தச் சோடி நல்லது. இடிமேகங்களுக்கு மேலே நடப்பதை ஆராயவென்றே வடிவமைக்கப்பட்ட பிரான்சின் தரானிஸ் செய்மதி, 2020 நவம்பரில் ஏவுகலத்தோடு சேர்ந்து அழிந்தது பெரிய இழப்பு.

ஒப்பீடு இரண்டு வகை. ஒரே மின்னலை இரண்டு செய்மதிகள் கேட்டதை ஒப்பிடுவது ஒன்று. பல ஆண்டுச் சராசரிகளை ஒப்பிடுவது மற்றது. முதலாவதுக்கு அலைவடிவமும் மைக்ரோசெக்கன் அளவில் மின்னல் நேரமும் வேண்டும். இரண்டாவதுக்கு நிறமாலை போதும், ஆனால் உள்ளூர் நேரம், பருவம், சூரியச் சுழற்சி எல்லாவற்றையும் சமப்படுத்தவேண்டும். எது வேண்டும் என்று தரவு இறக்க முன்பே முடிவெடுங்கள். புதிதாகத் தொடங்குவோர் முதலாவது வகையில் நான்கைந்து மின்னலைக் கையால் செய்துவிட்டு இரண்டாவதுக்குப் போவது நல்லது. சராசரியில் மறைந்துபோகும் பிழைகள் தனி மின்னலில் பளிச்சென்று தெரியும்.

தரவை எடுத்தல்

டெமெட்டர் தரவு பிரான்சின் சிடிபிபி களஞ்சியத்தில் பதிவுசெய்து எடுக்கலாம். மின்புல அலைவடிவம் 1131, நிறமாலை 1132, காந்தப்புல அலைவடிவம் 1136, நிறமாலை 1137 என்ற எண்களில் இருக்கும். எம்ஃபிசிஸ் தரவு அயோவா பல்கலைக்கழகத்திலும் நாசாவின் சிடிஏவெப் தளத்திலும் சிடிஎஃப் என்ற விண்வெளித் தரவுக் கோப்பு வடிவில் கிடைக்கும். பைஸ்பெடாஸ் என்ற பைத்தான் தொகுதி இதையும் அரசேயையும் நேரடியாக இறக்கித் தரும்.

கோப்பின் அளவைக் கவனியுங்கள். எம்ஃபிசிஸின் 6 செக்கன் அலைவடிவத் துண்டு ஒன்று, ஆறு கூறு, மாதிரிக்கு 4 பைற் என்று எடுத்தால் 5 மெகாபைற். ஒரு நாளில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கலாம். முதலில் நிறமாலையைப் பார்த்து நேரத்தைத் தெரிவுசெய்து, பிறகு அந்த நேரத்துக்குரிய அலைவடிவத்தை மட்டும் இறக்குவதே வழி.

அலைவடிவம் எல்லா இடத்துக்கும் இருக்காது. டெமெட்டரும் சாங்ஹெங்-1உம் முழு அலைவடிவத்தைத் தெரிவுசெய்த பிரதேசங்களுக்கு மேலே மட்டுமே பதிந்தன. மற்ற இடங்களில் நிறமாலை மட்டும்தான். ஒரு கடப்பில் அலைவடிவம் இல்லை என்றால் அங்கே விசிலர் இல்லை என்று எழுதிவிடக்கூடாது.

நேரம்

மற்ற எதையும் விட நேரத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது.

சிடிஎஃப் கோப்பில் நேரம் பெரும்பாலும் நானோசெக்கன் எண்ணிக்கையாக இருக்கும். அதைச் சர்வதேச நேரமாக மாற்ற லீப் செக்கன் (இடையிடையே மணிக்கூட்டில் சேர்க்கப்படும் ஒரு செக்கன்) அட்டவணை வேண்டும். அட்டவணையே பயன்படுத்தாமல் விட்டால், வான் அலன் காலத்தில் பிழை 67.184 செக்கன் முதல் 69.184 செக்கன் வரை. பழைய அட்டவணையைப் பயன்படுத்தினால் பிழை ஒன்று அல்லது இரண்டு செக்கன். பின்னதே ஆபத்தானது. ஒரு நிமிடப் பிழையை யாரும் கவனிப்பார்கள். ஆனால் ஒரு செக்கன் பிழையோடு புயலுக்கு மேலே போனால், எப்படியும் ஏதோ ஒரு மின்னல் பொருந்திவிடும். 2015 யூலை 1இலும் 2017 சனவரி 1இலும் ஒவ்வொரு செக்கன் சேர்க்கப்பட்டது. அந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கோப்பை எடுத்துச் சோதியுங்கள்.

அடுத்தது உள்ளூர் நேரம். யாழ்ப்பாணத்து நெட்டாங்கு 80 பாகை. 15ஆல் வகுத்தால் 5 மணி 20 நிமிடம். ஆகவே டெமெட்டரின் 22:30 சூரிய நேரம் இங்கே சர்வதேச நேரம் 17:10. சாங்ஹெங்-1இன் 02:00 என்பது முதல்நாள் 20:40. தேதி மாறுவதைக் கவனியாமல் அடுத்த நாள் கோப்பை இறக்குவது சாதாரணமாக நடக்கும்.

இலங்கையில் வேலை செய்வோருக்கு இன்னொரு பொறி உண்டு. 1996 ஒக்ரோபர் முதல் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் சர்வதேச நேரத்தை விட 6 மணி முன்னே இருந்தது. பிறகுதான் 5:30 ஆனது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தக் காலம் முழுவதும் 5:30 வழக்கில் இருந்தது. டெமெட்டரின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூர் வானிலைக் குறிப்புகளோடு பொருத்துபவர், அந்தக் குறிப்பு எந்த மணிக்கூட்டின்படி எழுதப்பட்டது என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

இரண்டு கருவிகளின் நிறமாலையும் ஒரே முறையில் கணிக்கப்பட்டிருக்காது. ஆயத்த நிறமாலைகளை ஒப்பிடுவதை விட, அலைவடிவம் கிடைக்கும் இடத்தில் நீங்களே நிறமாலை கணிப்பது நல்லது. 10 மில்லிசெக்கன் சாளரம் எடுங்கள். டெமெட்டருக்கு 400 மாதிரி, எம்ஃபிசிஸுக்கு 350, சாங்ஹெங் தேடுசுருளுக்கு 512, அதன் மின்புலத்துக்கு 500. எல்லாம் முழு எண்ணாக வருகின்றன. எல்லாவற்றிலும் மீடிறன் இடைவெளி 100 ஹேர்ட்ஸ். இரண்டின் அடுக்காக மாதிரி எண்ணிக்கை இருக்கவேண்டும் என்ற பழைய பழக்கம் இங்கே தடையாகவே இருக்கும். இன்றைய கணினிக்கு 350 புள்ளிகளில் உருமாற்றம் செய்வது ஒரு பாரம் இல்லை. சாளரங்கள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியட்டும்.

ஹான் சாளரம் (துண்டின் இரு முனைகளையும் மெல்லப் பூச்சியமாக்கும் பெருக்கி) போட்டால் வலு 0.375 மடங்காகக் குறையும். அதைத் திருத்தாவிட்டால் 4.3 தெசிபெல் பிழை. ஒருபக்க நிறமாலைக்கும் இருபக்க நிறமாலைக்கும் இடையே 2 மடங்கு, அதாவது 3 தெசிபெல். இரண்டு கருவிகளில் ஒன்றை ஒரு விதமாகவும் மற்றதை மற்ற விதமாகவும் கணித்தால் இரண்டு பிழையும் சேர்ந்து 7 தெசிபெலைத் தாண்டும். அது ஐந்து மடங்கு வலு வித்தியாசம். பருவகால மாற்றம் என்று யாரும் நம்பிவிடக்கூடிய அளவு.

அலகுகளும் அப்படியே. டெமெட்டர் மின்புல நிறமாலை மைக்ரோவோல்ற்றின் வர்க்கத்தில், அதுவும் மடக்கையாக இருக்கும். எம்ஃபிசிஸ் வோல்ற்றின் வர்க்கத்தில் இருக்கும். இடையே 10இன் 12ஆம் அடுக்கு. மடக்கையில் உள்ள எண்களைச் சராசரி எடுப்பதும், மடக்கை நீக்கிச் சராசரி எடுப்பதும் வேறு வேறு விடை தரும். எதைச் செய்தாலும் இரண்டு செய்மதிக்கும் ஒன்றையே செய்யுங்கள்.

நிரல் சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். 5 கிலோஹேர்ட்ஸில் 1 பிக்கோடெஸ்லா வீச்சுள்ள சைன் அலையைச் செயற்கையாக உருவாக்கி நிரலுக்குள் விடுங்கள். நிறமாலையில் அந்த முகட்டின் பரப்பு 0.5 பிக்கோடெஸ்லா வர்க்கம் வரவேண்டும். பிறகு உண்மையான அலைவடிவத் துண்டொன்றின் மாறற்றிறனையும், நிறமாலையின் முழுப் பரப்பையும் ஒப்பிடுங்கள். சில நூற்று வீதத்துக்குள் ஒத்துப்போகவேண்டும். பொதுவாக இது பொய்த்தால் சாளரத் திருத்தம் இல்லை, அல்லது பூச்சிய மீடிறனில் உள்ள நிலையான பங்கை நீக்கவில்லை.

ஆயத்த நிறமாலையைத்தான் பயன்படுத்தவேண்டும் என்றால், அது எவ்வளவு நேரத்தைக் கேட்டது என்று பாருங்கள். டெமெட்டரின் நிறமாலை ஏறத்தாழ 2.05 செக்கன் முழுவதையும் சராசரியாக்கியது. எம்ஃபிசிஸின் வழமையான நிறமாலை 6 செக்கனுக்கு ஒருதடவை ஏறத்தாழ 0.47 செக்கன் மட்டும் கேட்டது. அதாவது நேரத்தில் 8 வீதத்துக்கும் குறைவு. 0.2 செக்கன் நீடிக்கும் ஒரு விசிலர் டெமெட்டரில் எப்போதும் பதியும், ஆனால் பத்தில் ஒன்றாக ஐதாகும். எம்ஃபிசிஸில் பெரும்பாலும் தவறிப்போகும், பிடிபட்டால் பாதி வலுவோடு தெரியும். நீண்டகால இடை இரண்டிலும் ஒத்துப்போகலாம். இடையம் ஒத்துப்போகவே போகாது. இடையத்தை ஒப்பிட்டு, மேலே உள்ள செய்மதியில் அலை குறைவு என்று முடிவெடுப்பது மிகத் தவறான வாசிப்பு.

எந்த வீச்சில் ஒப்பிடுவது? 2 முதல் 10 கிலோஹேர்ட்ஸ் வரை என்று எடுப்பது பாதுகாப்பானது. தரைக்கும் அயன் மண்டலத்துக்கும் இடைப்பட்ட அலைவழிக்கு இரவில் ஏறத்தாழ 1.7 கிலோஹேர்ட்ஸில் வெட்டு உண்டு. அதற்குச் சற்று மேலும் கீழும் தொலைவில் இருந்து வரும் ஸ்ஃபெரிக் மெலிந்துவிடும். 2 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே, பிளாஸ்மா மண்டலத்தின் ஹிஸ் என்ற இரைச்சலும் கலக்கும். அதில் மின்னலின் பங்கு எவ்வளவு என்பதே தனி ஆராய்ச்சி. மேல் எல்லை எம்ஃபிசிஸின் 12 கிலோஹேர்ட்ஸால் வருகிறது. உருசியாவின் அல்ஃபா வழிகாட்டல் பரப்பிகள் 11.9, 12.6, 14.9 கிலோஹேர்ட்ஸில் இருப்பதால் 10இல் நிறுத்துவதே நல்லது.

பரப்பிகளை நீக்குதல், ஆனால் முதலில் பயன்படுத்துதல்

நமது பிரதேசத்தில் நிறமாலையில் இரண்டு கோடுகள் உறுதியாகத் தெரியும். 18.2 கிலோஹேர்ட்ஸில் இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம். அது தமிழ்நாட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்தில் இருக்கிறது. நேர்க்கோட்டில் யாழ்ப்பாணத்தில் இருந்து 300 கிலோமீற்றருக்கும் குறைவு. மற்றது அவுஸ்திரேலியாவின் நோர்த் வெஸ்ற் கேப் நிலையம். 19.8 கிலோஹேர்ட்ஸ், 1 மெகாவாற்று.

மின்னலைத் தேடும்போது இவை இடைஞ்சல். கருவியைச் சோதிக்கும்போது இவற்றை விட நல்ல உதவி இல்லை, ஏனென்றால் இடமும் மீடிறனும் மாறாதவை. உங்கள் நிறமாலையில் 18.2இலும் 19.8இலும் கோடு சரியான இடத்தில் விழவில்லை என்றால், மாதிரி வீதத்தைப் பிழையாக எடுத்திருக்கிறீர்கள். ஒரே பருவத்தில், இரவில், ஒரே காந்தக் கோட்டில் அவுஸ்திரேலியக் கோட்டின் வலு மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், கருவி தேய்கிறதா அல்லது பரப்பி மாறியதா என்று தேடவேண்டும். எம்ஃபிசிஸில் இந்தக் கோடுகளை அலைவடிவத்தில் தேடவேண்டாம். அதன் உயர்மீடிறன் வாங்கியில் (10 கிலோஹேர்ட்ஸுக்கு மேல்) பாருங்கள்.

செய்மதியின் சொந்த மின்சாதன இரைச்சல் கிடைக்கோடாகத் தெரியும், மீடிறன் மாறாது. ஒவ்வொரு மீடிறனிலும் அமைதியான கடப்புகளின் 10ஆம் சதமணையை எடுத்து அதை இரைச்சல் தளமாக வையுங்கள். இரண்டு கருவிகளில் எதன் தளம் உயர்ந்ததோ, அதற்கு மேலே உள்ள அளவீடுகளை மட்டும் இரண்டிலும் ஒப்பிடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால், நுட்பமான கருவி எப்போதும் “அதிக அலை” கண்டதாகவே விடை வரும்.

விசிலரைப் பிடித்து அளத்தல்

விசிலரின் ஒவ்வொரு மீடிறனும் வந்துசேர எடுக்கும் நேரம், அந்த மீடிறனின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகும். விகிதமாறிலியைப் பிரிகை என்போம். ஆகவே கிடை அச்சில் மீடிறனின் வர்க்கமூலத்தின் தலைகீழ், நிலை அச்சில் நேரம் என்று வரைந்தால் நேர்கோடு வரும். சரிவு பிரிகை. கோடு நிலை அச்சை வெட்டும் இடம் மின்னல் வெட்டிய நேரம். ஒவ்வொரு 10 மில்லிசெக்கன் துண்டிலும் முகட்டு மீடிறனை எடுத்து, தளத்துக்கு 6 தெசிபெலுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் வைத்து நேர்கோடு பொருத்துங்கள். இந்த எளிய விதி, மீடிறன் இலத்திரன் சுழற்சி மீடிறனை விட மிகச் சிறிதாக இருக்கும்போது மட்டுமே சரி. தாழ் உயரத்தில் அது மெகாஹேர்ட்ஸை அண்டியிருப்பதால் கவலை இல்லை. வான் அலன் உயரங்களில் கோடு வளையும், அங்கே முழுச் சமன்பாடு வேண்டும்.

இனி நமது பிரதேசத்துக்குரிய கணக்கு. 660 கிலோமீற்றரில் காந்தப்புலம் ஏறத்தாழ 30,000 நானோடெஸ்லா. நானோடெஸ்லாவுக்கு 28 ஹேர்ட்ஸ் வீதம் இலத்திரன் சுழற்சி மீடிறன் 0.84 மெகாஹேர்ட்ஸ். இலத்திரன் அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் என்று எடுத்தால் பிளாஸ்மா மீடிறன் 2.84 மெகாஹேர்ட்ஸ். 5 கிலோஹேர்ட்ஸில் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 44, அலைக்கூட்டத்தின் வேகம் செக்கனுக்கு 13,700 கிலோமீற்றர். நேர் கீழே இருந்து 550 கிலோமீற்றர் ஏறிவரும் அலைக்குப் பிரிகை 3க்குச் சற்றுக் கீழே, செக்கனின் வர்க்கமூலம் என்ற அலகில். நடு இந்தியாவில் இருந்து காந்தக் கோட்டின் வழியே ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் வரும் அலைக்குப் பிரிகை 9க்கும் 10க்கும் இடையில். முதலாவது 9 கிலோஹேர்ட்ஸில் இருந்து 1 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்க 60 மில்லிசெக்கன் எடுக்கும். இரண்டாவது 200 மில்லிசெக்கன் எடுக்கும். அலைவடிவத்தைப் பார்த்தவுடனேயே இது கீழே வெட்டியதா, தொலைவில் வெட்டியதா என்று சொல்லிவிடலாம்.

அடர்த்தி நான்கு மடங்கானால் பிரிகை இரண்டு மடங்காகும் என்பதை மறக்கவேண்டாம். அன்றைய அடர்த்தியைச் செய்மதியின் சொந்த அளவீட்டில் இருந்து எடுங்கள். டெமெட்டர் இயங்கிய காலத்தின் பிற்பகுதி மிக அமைதியான சூரியத் தாழ்காலம். வான் அலன் காலத்தில் 2014இன் உச்சம் அடங்கும். ஒரே பாதையில் பிரிகை இரண்டு காலத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது.

மின்னல் பட்டியலோடு பொருத்துதல்

டபிள்யூடபிள்யூஎல்எல்என் என்ற உலகளாவிய மின்னல் இடங்காண் வலையமைப்பு, தரையில் உள்ள வாங்கிகளால் மின்னலின் இடத்தைச் சில கிலோமீற்றருக்குள்ளும் நேரத்தைப் பத்துக் கணக்கான மைக்ரோசெக்கனுக்குள்ளும் தருகிறது. நேர்கோட்டில் கிடைத்த மின்னல் நேரத்துக்கு முன்னும் பின்னும் 10 மில்லிசெக்கனுக்குள் ஒரு மின்னல் இருக்கிறதா என்று தேடுங்கள். தேடும் இடம் செய்மதிக்கு நேர் கீழே அல்ல, காந்தக் கோட்டின் இரண்டு அடிகளையும் சுற்றி. ஸ்ஃபெரிக் தரையோரமாக 1,000 கிலோமீற்றர் ஓட 3.3 மில்லிசெக்கன் எடுக்கும், அதையும் கழியுங்கள்.

பொருத்தம் உண்மையானதா, தற்செயலா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. மின்னல் பட்டியல் முழுவதையும் 7 செக்கன், 13 செக்கன் என்று வேண்டுமென்றே நகர்த்தி மீண்டும் பொருத்துங்கள். நகர்த்தாத பட்டியலில் பொருத்தம் தெளிவாகக் கூடவில்லை என்றால் உங்கள் பொருத்தங்கள் தற்செயலானவை. பிழையான லீப் செக்கன் அட்டவணையையும் இந்தச் சோதனையே காட்டிக்கொடுக்கும். சரியாக 1 செக்கன் நகர்த்தும்போது பொருத்தம் திடீரென்று உயரும்.

இந்த வலையமைப்பு வலிய மின்னல்களையே அதிகம் பிடிக்கும். விசிலர் இருந்து மின்னல் பட்டியலில் ஒன்றும் இல்லாவிட்டால் அது பிழை இல்லை.

மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மோதவிட்டுப் பார்த்தல்

ஒளிவேகத்தால் பெருக்கிய காந்த வீச்சை மின் வீச்சால் வகுத்தால், காந்தக் கோட்டோடு ஓடும் அலைக்கு முறிவுச் சுட்டி வரவேண்டும். மேலே சொன்ன நிலையில் காந்த அலை 1 பிக்கோடெஸ்லா என்றால் மின் அலை மீற்றருக்கு ஏறத்தாழ 7 மைக்ரோவோல்ற்று. அடர்த்தியில் இருந்து கணித்த முறிவுச் சுட்டியும், இப்படி அளந்த முறிவுச் சுட்டியும் இரண்டு மடங்குக்குள் ஒத்துப்போனால் திருப்திப்படலாம்.

ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் குற்றம் மின்புலத்தில். பிளாஸ்மாவில் மின்வாயைச் சுற்றி ஓர் உறை உருவாகும். அடர்த்தி மாற அந்த உறையின் தடங்கலும் மாறி அளவீட்டைக் குறைத்துக் காட்டும். வான் அலன் மின்புல எண்களை அடர்த்திக்கேற்பத் திருத்தாமல் பயன்படுத்தக்கூடாது. சாய்ந்து ஓடும் அலைகளில் இன்னொரு சிக்கல். அலைநீளம் சாதாரணமாக 1.4 கிலோமீற்றர் அளவில் இருக்கும், ஆனால் பரிவுக் கூம்பை (விசிலர் ஓடக்கூடிய சாய்வின் எல்லையை) நெருங்கும்போது வேகமாகக் குறுகி அன்ரனாவின் நீளத்துக்கே இறங்கலாம். அப்போது வான் அலனின் 100 மீற்றர் அன்ரனா குறைத்து அளக்கும், டெமெட்டரின் 8 மீற்றர் இடைவெளி சரியாக அளக்கும். ஒரே அலைக்கு இரண்டு எண். ஆகவே இரண்டு செய்மதிகளை ஒப்பிடும்போது முதலில் காந்தப்புலத்தை ஒப்பிடுங்கள், மின்புலத்தைச் சாட்சியாக வையுங்கள்.

உயர வித்தியாசத்தைக் கழித்தல்

அலை இழப்பே இல்லாமல் ஒரு காந்தக் குழாய்க்குள் ஓடினாலும் வீச்சு மாறும், ஏனென்றால் மேலே போகப் போகக் குழாய் விரிகிறது. சக்திப் பாய்ச்சலைப் பின்னணிக் காந்தப்புலத்தால் வகுத்தது மாறாது. அந்தப் பாய்ச்சல் அலைக் காந்தப்புலத்தின் வர்க்கத்தை முறிவுச் சுட்டியால் வகுத்ததற்கு விகிதசமம். புவி ஆரையைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் நடுக்கோட்டை வெட்டும் காந்தக் கோட்டை எடுப்போம். 660 கிலோமீற்றரில் புலம் ஏறத்தாழ 35,000 நானோடெஸ்லா, உச்சியில் 3,900. அடர்த்தி கீழே 30,000, மேலே 2,000 என்றால் 5 கிலோஹேர்ட்ஸில் முறிவுச் சுட்டி 22உம் 18உம். பெருக்கினால் வலு 11 மடங்கு, வீச்சு 3.3 மடங்கு. டெமெட்டரில் 10 பிக்கோடெஸ்லாவாக இருந்த அலை, வான் அலனில் 3 பிக்கோடெஸ்லாவாகத் தெரிந்தால் எதுவும் தொலைந்துபோகவில்லை.

இந்தக் கோடு நமது நெட்டாங்கில் கசகஸ்தானின் வடபகுதியை அண்டி இறங்குகிறது. யாழ்ப்பாணத்து ஐப்பசி மின்னலை அந்த உயரத்தில் நேரடியாகத் தேடிப் பயன் இல்லை. தேடவேண்டியது அங்கத்தைய கோடை மின்னலை, அதாவது யூன் முதல் ஓகஸ்ட் வரை.

எண்ணிக்கையும் உள்ளூர் நேரமும்

பல மாதத் தரவைச் சேர்க்கும்போது விசிலர் எண்ணிக்கையைக் கருவி உண்மையில் கேட்டுக்கொண்டிருந்த செக்கன்களால் வகுக்கவேண்டும். விசிலரே இல்லாத கடப்புகளையும் பூச்சியமாகச் சேர்க்கவேண்டும். காந்தக் கோடு, பருவம், பகல்-இரவு என்று பெட்டிகளாகப் பிரித்து ஒரே பெட்டியை மட்டும் ஒப்பிடுங்கள். பகலில் கீழ் அயன் மண்டலம் தடித்துவிடுவதால் மேலே வரும் வலு இரவினதில் பத்திலொன்றுக்கும் கீழே போகக்கூடும். பகல் கடப்பையும் இரவுக் கடப்பையும் கலந்து சராசரி எடுத்தால் அதற்கு அர்த்தம் இல்லை.

இரவு என்று மட்டும் பிரித்தாலும் போதாது. டெமெட்டர் 22:30க்கும் சாங்ஹெங்-1 02:00க்கும் வருகின்றன. இரண்டும் இரவுதான், ஆனால் தரையில் இடிமழை பின்னேரத்தில் உச்சம் கண்டு நள்ளிரவுக்குப் பின் அடங்கிவிடும். கடலுக்கு மேலே அந்த ஒழுங்கு வேறு. ஆகவே இந்த இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன், ஒவ்வொரு கடப்புக்கும் காந்தக் கோட்டின் வடக்கு அடியையும் தெற்கு அடியையும் சுற்றி 1,000 கிலோமீற்றருக்குள் கடைசி ஐந்து நிமிடத்தில் வலையமைப்புப் பதிந்த மின்னல்களை எண்ணுங்கள். இரண்டு செய்மதியிலும் அந்த எண்ணிக்கை நெருங்கிவரும் கடப்புகளை மட்டும் சோடியாக்குங்கள். ஆண்டுக்காண்டு வலையமைப்பின் திறன் மாறியிருப்பதால், 2008இன் எண்ணிக்கையையும் 2019இன் எண்ணிக்கையையும் நேரடியாகச் சமப்படுத்தாமல், ஒவ்வோர் ஆண்டின் அந்தப் பிரதேச மாதச் சராசரியால் முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்.